இடையில் கை இல்லாத சந்தை

எங்கள் குடும்பத்தில் யாரும் கிழங்கு விற்றதில்லை. பயிரிட்டோம், தோண்டினோம், தென்னோலைக் கூடையில் அடுக்கி, நெயாஃபு சந்தையில் லோசலைன் உட்காரும் மாமரத்தடியில் இறக்கி வைத்தோம். அதன் பிறகு அந்தக் கிழங்குக்கு என்ன நேர்ந்தது என்பது எங்களுக்குத் தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் அவள் ஒரு துணி முடிச்சை எங்கள் வேலிக் கம்பில் மாட்டிவிட்டுப் போவாள். அதில் என்ன இருந்தது என்பதும் எனக்குத் தெரியாது. என் மனைவி செய்னிக்குத் தெரியும்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் வவாவு தீவில் பிறக்காதவர்கள். இங்கே பிறந்தவனுக்கு எதிரே வருகிறவரெல்லாம் சொந்தம். சொந்தத்திடம் நீட்டிய கையில் காசு வாங்குவது எங்கள் வழக்கமில்லை. அதிலும் கூடப்பிறந்தவளின் பிள்ளைகள் என்றால் பேச்சே கிடையாது. அவர்கள் ஃபாஹு. தாய்மாமன் வீட்டில் அவர்களுக்குப் பூட்டு இல்லை. பன்றி வேண்டுமென்றால் பன்றி, பாய் வேண்டுமென்றால் பாய். கேட்கவும் வேண்டியதில்லை, எடுத்துக்கொண்டு, மனமிருந்தால் சொல்லிவிட்டுப் போகலாம். வயதில் எவ்வளவு சின்னவர்களானாலும் முறையில் பெரியவர்கள், ஆகையால் நாங்கள்தான் அவர்களை 'நீங்க' என்போம். கொடுக்கும்போது மாமன் முகம் சுளித்தான் என்று ஒரு பேச்சு கிளம்பினால் அது பேரன் கல்யாணம் வரைக்கும் நிற்கும். என் முகம் ஒருநாளும் சுளித்ததில்லை. இதை இங்கே பதிவு செய்து வைக்கிறேன்.

லோசலைன் கதை வேறு. வடக்கே வெகுதூரத்தில் இருக்கும் நியுவா தீவிலிருந்து கணவனோடு வந்தவள். அவன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினான், பிறகு இறந்துபோனான். பிள்ளை இல்லை. இந்தத் தீவில் அவளுக்கு உறவென்று ஒரு கோழிக்குஞ்சுகூட இல்லை. ஆகவே 'முடியாது' என்ற சொல்லைச் சொல்லக்கூடிய ஒரே உயிர் அவள்தான்.

"இது எங்க மாமா கிழங்காச்சே" என்று யாராவது கை வைத்தால், "மாமா கிழங்கு மாமா வீட்ல இருக்கும். இது லோசலைன் கிழங்கு. கைய எடு" என்பாள்.

இந்த ஒரு வார்த்தைக்காகப் பத்தில் இரண்டை அவள் எடுத்துக்கொண்டாள். நாங்கள் யாரும் அதை அதிகமென்று நினைத்ததில்லை. நாங்களே சொல்வதாக இருந்தால் மானம் முழுவதும் போயிருக்கும்.

அந்த முடிச்சு கடைசியில் எங்கே போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கொரு முறை ஆலயத்தில் மிசினாலே. ஒவ்வொரு குடும்பத்தின் பெயரையும் கூப்பிட்டு, அது வைக்கும் காணிக்கை எவ்வளவு என்று சபை நடுவில் உரக்கப் படிப்பார்கள். கர்த்தருக்குக் காது நன்றாகக் கேட்கும். உரக்கப் படிப்பது பக்கத்து வீட்டுக்காரனுக்காக. என் பாட்டன் காலம் தொட்டு எங்கள் தொகை ஊரில் மூன்றாவது இடத்துக்குக் கீழே இறங்கியதில்லை. முதல் இரண்டு இடங்களும் பிரபு வீட்டுக்கும் கடைக்காரன் வீட்டுக்கும் உரியவை. அவற்றுக்கு ஆசைப்பட்டதும் இல்லை. மூன்றாவது எங்களுடையது.

இப்படியிருக்கும்போதுதான் நேரடி விற்பனை வாரியம் வந்தது.

வெளிநாட்டுப் பணத்தில் சந்தைக்குப் பக்கத்திலேயே ஒரு தகரக் கொட்டகை கட்டினார்கள். அதன் பக்கத்தில், கொட்டகையைவிடப் பெரிதாக, அலுவலகம் கட்டினார்கள். இயக்குநராக வந்தவன் ஃபினெயாசி. என் மறைந்த அக்காவின் மகன். ஆக்லாந்தில் வெகுகாலம் தங்கி, மண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உள்ளடக்கிய ஒரு விவசாயப் பட்டம் வாங்கியவன். அவனோடு க்ரெய்க் என்ற நியூசிலாந்து ஆலோசகரும் வந்தார். நல்ல மனிதர். எதைச் சொன்னாலும் குறித்துக்கொள்வார்.

முதல் கூட்டத்தில் ஃபினெயாசி பேசினான்.

"பெரியவங்களே! மண்ணுல பாடுபடுற உங்களுக்கும் சாப்பிடுற சனத்துக்கும் நடுவுல ஒரு கை இருக்கு. உங்க வேர்வைய அந்தக் கை திங்குது. அந்தக் கைய வெட்டி எறியத்தான் இந்த வாரியம். இங்க முப்பத்தோரு பேர் வேலை பாக்குறோம். வண்டி இருக்கு, டிரைவர் இருக்காங்க, டிரைவரக் கண்காணிக்க ஆள் இருக்கு. அத்தனை பேருக்கும் ஒரே நோக்கம்தான். உங்களுக்கும் வாங்குறவங்களுக்கும் நடுவுல யாருமே இருக்கக் கூடாது!"

எல்லோரும் கை தட்டினோம். பின்வரிசையில் லோசலைன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்தேன். எங்கள் குடும்பத்தில் சந்தேகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கை தட்டுவதில்லை. தட்டி முடித்துக் கேட்டுவிடுவோம்.

"மருமகனே, ஒண்ணு கேக்கலாமா? வாங்க வர்றது யாரு?"

"நுகர்வோர், மாமா."

"அவங்க எந்த ஊரு?"

"இந்த ஊருதான்."

"அப்ப அது நம்ம சனமாச்சே."

"சந்தைக்குள்ள வந்துட்டா சனம் இல்ல மாமா, நுகர்வோர். உறவ வாசல்லயே விட்டுட்டு வரணும்."

"செருப்பு மாதிரியா?"

க்ரெய்க் இதைக் குறித்துக்கொண்டார். மறு வாரம் கொட்டகை வாசலில் பெரிய எழுத்தில் ஒரு பலகை தொங்கியது: 'உறவுகளை இங்கே விடவும்'. அதன் கீழே யாரோ மரியாதையாக ஒரு ஜோடி செருப்பை விட்டிருந்தார்கள்.

சட்டம் எளிமையானது. விளைவித்தவனே தன் கிழங்குக்குப் பின்னால் நிற்க வேண்டும். அவன் கையாலேயே காசு வாங்க வேண்டும். வேறு எவரும் அவன் பொருளைத் தொடக் கூடாது. கிடைப்பதில் பத்தில் இரண்டு வாரியத்துக்குச் சேவைக் கட்டணம். அந்தத் தொகையை நான் ஏற்கெனவே எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் அது ஒரு கைக்குப் போன தொகை. இது முப்பத்தோரு பேருக்கு. மாமரத்தடியைச் சுற்றிக் கயிறு கட்டி, 'இடைத்தரகர் இல்லாத பகுதி' என்று எழுதி வைத்தார்கள். லோசலைன் சாலைக்கு அந்தப் பக்கம், கடலோரச் சுவரருகே, ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து விசிறிக்கொண்டாள்.

திறப்பு விழா ஒரு சனிக்கிழமை. ஜெபம், தேசிய கீதம், பித்தளை வாத்தியம், மறுபடி ஜெபம். நான் எங்கள் மரியாதை வழக்கப்படி இடுப்பில் நல்ல பாயைக் கட்டிக்கொண்டு என் கிழங்குகளுக்குப் பின்னால் நின்றேன். கஹோகஹோ. பெருவள்ளியிலேயே உயர்ந்த ஜாதி, பிரபுவின் பந்தியில் வைக்கும் கிழங்கு. ஒவ்வொன்றும் தூங்குகிற குழந்தை மாதிரி இருந்தது. முதல் நுகர்வோராக இயக்குநரே வாங்குவார் என்று அறிவித்தார்கள். புகைப்படக்காரன் முன்னால் வந்து மண்டியிட்டான்.

ஃபினெயாசி இருப்பதிலேயே நீளமான கிழங்கைத் தூக்கினான். மற்றதில் தேறாவிட்டாலும் கிழங்கு பொறுக்குவதில் அவன் என் அக்கா பிள்ளைதான். சட்டைப் பையிலிருந்து இருபது பாங்கா நோட்டை எடுத்து நீட்டினான். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"வாங்குங்க மாமா" என்றான் சிரித்தபடி.

"உங்ககிட்டயா?"

"இது சந்தை மாமா."

"நீங்க என் அக்கா மகன்."

"இப்ப நான் நுகர்வோர்."

"மூஞ்சி அக்கா மூஞ்சியாவே இருக்கே."

அவன் குரலைத் தாழ்த்தினான். "போட்டோவுக்கு மட்டும் வாங்குங்க. அப்புறம் திருப்பிக் குடுத்துருங்க."

"அக்கா மகன்கிட்ட இந்தக் கெலெப்பி காசு வாங்குறான்னு போட்டோ இருந்தா, திருப்பிக் குடுத்ததுக்குப் போட்டோ எங்க இருக்கும்?"

வாத்தியக்காரர்கள் நிலைமையைப் புரிந்துகொண்டு இன்னொரு பாட்டைத் தொடங்கினார்கள். அதுவும் முடிந்தது. மூன்றாவதும் முடிந்தது. கடைசியில் கிழங்கு அவன் கையிலும் நோட்டு அவன் பையிலும் இருக்க, இருவரும் கைகுலுக்கினோம். படம் எடுத்தார்கள். அது வாரியத்தின் செய்தி மடலில் 'ரொக்கமில்லாப் பரிவர்த்தனையில் வவாவு முன்னோடி' என்ற தலைப்போடு வந்தது.

பிறகு இயக்குநர் மேடையேறிப் பேச ஆரம்பித்தான். அப்போது அவன் அக்கா வீக்கா, கூடையோடு கொட்டகைக்குள் வந்தாள். அக்கா இருக்கும் இடத்தில் தம்பி நிற்பதில்லை. அது எங்கள் வழக்கம், அதில் அவனும் தவறியதில்லை. "ஆகவே" என்று சொன்னவன் மேடையின் பின்பக்கமாகக் குதித்துப் போய்விட்டான். வாரியத்தின் கொள்கை விளக்க உரை அந்தச் சொல்லோடு முடிந்தது.

"மாமா, நல்லாருக்கீங்களா?" என்றாள் வீக்கா. "அடேயப்பா, இதெல்லாம் நமக்கா?"

"எடுத்துக்கங்க."

"தோட்டத்துக்கு நடந்து வந்து தூக்கிட்டுப் போறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சிரும். தம்பி செஞ்சதுலயே இது ஒண்ணுதான் உருப்படி. மாமனுங்க எல்லாத்தையும் ஒரே இடத்துல வரிசையா நிக்க வச்சிருக்கானே!"

அவளுக்குப் பின்னால் அவள் சின்னம்மா பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் என் மனைவியின் அண்ணன்மார், போதகர் வீட்டார், என்னோடு பள்ளியில் படித்தவர்கள். வாசல் பலகையைப் படித்துவிட்டு உறவுக்காரர் சிலர் வெளியிலேயே அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். உறவை விடச் சொல்லியிருந்தது, அவர்களும் விடப்பட்டவர்களாக உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்தது. நான் முகம் சுளிக்கவில்லை.

வாரியம் அறிக்கை வெளியிட்டது: 'கொண்டுவரப்பட்ட சரக்கு நூறு சதவீதம் தீர்ந்தது. தேவை, வரத்தை விஞ்சுகிறது. உலகின் எந்தச் சந்தையிலும் காண முடியாத மகிழ்ச்சி நுகர்வோர் முகங்களில் தெரிந்தது.' இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

அன்று சாயங்காலம் செய்னி வேலிக் கம்பைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"முடிச்சு எங்க?"

"சந்தை நேரடியா மாறிடுச்சு."

"அப்ப மிசினாலேக்கு நேரடியா எத வைப்பீங்க? என்னயத் தூக்கி வைப்பீங்களா?"

"பாத்துக்கலாம்."

"மூணாவது பேரு நம்முது. போதகர் அந்த இடத்துல மூச்சு விட்டுட்டு நாலாவதுக்குத் தாண்டினா நான் அந்த ஆலயத்துல உக்கார மாட்டேன். சொல்லிட்டேன்."

நானும் உட்கார மாட்டேன். ஆனால் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. சேவைக் கட்டணமாக ஒரு பாங்காவும் வராததை வாரியத்தின் நிதிப்பிரிவு கவனித்தது. நோயைக் கண்டுபிடித்தார்கள்: விவசாயிகளுக்கு 'மறுக்கும் திறன்' குறைவு. பயிற்சி முகாம் போட்டார்கள்.

க்ரெய்க் தலையில் ஒரு துணியைப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"நான் உங்க அக்கா" என்றார், கற்றுக்கொண்ட எங்கள் பேச்சில். "எனக்கு அந்தக் கிழங்கு வேணும்."

நான் கிழங்கைக் கொடுத்தேன்.

"இல்ல இல்ல. 'பன்னிரண்டு பாங்கா'ன்னு சொல்லணும். மறுபடி பாக்கலாம். தம்பி, எனக்கு அந்தக் கிழங்கு..."

இன்னொன்றையும் கொடுத்தேன்.

"ஐயா, ஏன் குடுத்துட்டே இருக்கீங்க?"

"நீங்க ஏன் கேட்டுட்டே இருக்கீங்க? செத்துப்போன எங்கக்கா இப்படித்தான் தலைய ஒரு பக்கமாச் சாச்சுக் கை நீட்டும். அதுகிட்டயா நான் காசு கேப்பேன்?"

எனக்கு அடுத்து நின்ற கிழவன் க்ரெய்க்கின் தலைத்துணியைப் பார்த்துக் கண்கலங்கி, ஒரு பன்றி தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டான். மாலைக்குள் க்ரெய்க்குக்குச் சேர்ந்ததையெல்லாம் அவர் தங்கும் இடத்துக்கு எடுத்துப்போக வாரிய வண்டி தேவைப்பட்டது. முடிவில் எல்லோருக்கும் 'மறுப்பில் தேர்ச்சி' என்ற சான்றிதழ் வழங்கினார்கள். தேறாதவர்களுக்குமா என்று நான் கேட்டேன். "வந்தவங்கள எப்படி மாமா இல்லன்னு சொல்லி அனுப்புறது?" என்றான் ஃபினெயாசி.

அடுத்ததாகத் திரை வந்தது. முகம் தெரிவதால்தானே இந்தச் சிக்கல்? விவசாயிக்கு முன்னால் மரப்பட்டைத் துணியில் ஒரு திரையைத் தொங்கவிட்டார்கள். கிழங்கு வெளியே, நான் உள்ளே. கை நீட்ட ஒரு துளை. இதற்கு வாரியம் வைத்த பெயர், 'மறைமுகம் இல்லாத நேர்முகம்'. ஆனால் விளம்பரப் பிரிவு அதற்கு முன்பே 'உங்கள் விவசாயியை அறிந்துகொள்ளுங்கள்' என்று ஆளுயரப் படங்களை அச்சடித்துவிட்டிருந்தது. அச்சடித்ததை எங்கே மாட்டுவது? திரையில் மாட்டினார்கள். என் முகம் யாருக்கும் தெரியாமல் நான் உள்ளே நிற்க, என் முகம் அதைவிடப் பெரிதாக வெளியே தொங்கியது.

எனக்கு அன்று இருமல்.

"யாரது உள்ள இருமுறது?" வீக்காவின் குரல். "மாமாவா? நெஞ்சுச் சளியா? சாரலடிக்குது, துணிக்குள்ள என்ன பண்றீங்க?"

பேசக் கூடாது என்பது விதி. துளை வழியாகக் கையை நீட்டினேன்.

அவள் அதில் ஒரு கற்பூரத் தைலப் புட்டியை வைத்தாள். "தேச்சுக்கங்க. கிழங்க நான் எடுத்துக்குறேன், நீங்க சிரமப்படாதீங்க."

இதற்குள் காணிக்கை நாளுக்குக் கொஞ்ச வாரம்தான் இருந்தது. கிழங்குக் குடிலில் விதைக்கு வைத்தது போக இரண்டே குவியல் மிச்சம். செய்னி என்னோடு பேசுவதை நிறுத்தி, குடிலின் கதவோடு பேச ஆரம்பித்திருந்தாள்.

வாரியம் தளரவில்லை. யாருக்கு யார் உறவில்லை என்று கண்டறிய வம்சாவளிப் பிரிவு என்று ஒன்றைத் திறந்தார்கள். உறவில்லாத விவசாயியை உறவில்லாத நுகர்வோர் முன் நிறுத்துவது திட்டம். ஊர் முழுவதையும் கோடு போட்டு வரைந்து பார்த்ததில், எல்லாக் கோடும் எல்லாக் கோட்டையும் தொட்டது. வரைந்த அதிகாரிக்கும் என் வழியில் தானொரு பேரன் முறை என்று தெரியவந்தது. போகும்போது இரண்டு கிழங்கு கொண்டுபோனான்.

கோடு தொடாமல் தாளின் ஓரத்தில் இரண்டு பெயர்கள் மட்டும் நின்றன. ஒன்று லோசலைன். அதை அடித்துவிட்டார்கள், இடைத்தரகர் என்பதால். மற்றது க்ரெய்க்.

க்ரெய்க்கையே என் கிழங்குகளுக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். நானும் நிம்மதியாக மூச்சு விட்டேன். வெள்ளைக்காரர், உறவில்லாதவர், சொந்தமாக மறுப்புச் சான்றிதழும் வைத்திருந்தார். ஆனால் ஒன்றை யாரும் யோசிக்கவில்லை. இத்தனை மாதமாக அவர் வீக்கா வீட்டில்தான் தங்கியிருந்தார். அவள் அவரைப் பெரிய வீட்டில் படுக்கவிடாமல் வெளியே தனிக் குடிசையில் பாய் போட்டுக் கொடுத்திருந்தாள். வாரியம் சிக்கனம் பார்க்கிறது என்று அவர் நினைத்திருந்தார். அது தம்பிமார் படுக்கும் இடம்.

வீக்கா கூடையோடு வந்தாள். பக்கத்துக் கடைக் கிழவன் க்ரெய்க்கின் விலாவில் இடித்தான். "எந்திரிங்க. அக்கா வருது."

"யாரோட அக்கா?"

"உங்க அக்காதான். சோறு போட்டுக் குடிசை குடுத்துருக்கே, பின்ன யாரு?"

க்ரெய்க் ஒரு கணம் யோசித்தார். அவர் வழக்கங்களை மதிக்கத் தெரிந்தவர். மதிப்பதைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதியிருக்கிறார். எழுந்து பின்வாசல் வழியாகப் போய்விட்டார். ஆளில்லாத கடையில் வீக்கா பொறுமையாகப் பொறுக்கினாள். அன்று கணக்குப்படி க்ரெய்க்கும் எனக்கு அக்கா மகன் ஆகிவிட்டார். மறுநாள் தயங்கித் தயங்கி வீட்டுக்கு வந்து, "மாமா, நான்கூட ஒண்ணு எடுத்துக்கலாமா?" என்றார். எடுத்துக்கொண்டார். முகம் சுளிக்கவில்லை, இந்த முறை கொஞ்சம் முயற்சி வேண்டியிருந்தது.

கடைசியில் வாரியம் நீண்ட ஆலோசனைக்குப் பின் ஒரு பதவியை உருவாக்கியது. 'நேரடித் தொடர்பு உயர் அலுவலர்'. விவசாயியின் பொருளைத் தன் பொறுப்பில் ஏற்று, நுகர்வோரிடம் காசு பெற்று, விவசாயியிடம் சேர்ப்பது பணி. தகுதிகள்: கிழங்கு பற்றிய அறிவு, தீவில் உறவின்மை, இனிமையற்ற சுபாவம். நேர்காணலில் விவசாயிகள் சார்பில் என்னையும் உட்காரவைத்தார்கள். விண்ணப்பம் ஒன்றே ஒன்று வந்திருந்தது.

லோசலைன் விசிறியோடு வந்து உட்கார்ந்தாள்.

"இங்க உங்களுக்கு உறவுக்காரங்க?" என்று கேட்டான் ஃபினெயாசி.

"இல்ல."

"நண்பர்கள்?"

"எதுக்கு?"

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வயசான ஒருத்தர், கையில காசில்ல, கண் கலங்கிக் கேக்குறார். என்ன செய்வீங்க?"

"காசு எங்கன்னு கேப்பேன்."

க்ரெய்க் பேனாவைக் கீழே வைத்தார். இப்படியொரு தெளிவை அவர் எந்தப் பயிற்சியிலும் உண்டாக்கியதில்லை.

"முன் அனுபவம் ஏதாவது?"

லோசலைன் வலது கையை மேசை மேல் வைத்தாள். "நீங்க வெட்டிப் போட்டீங்களே, அந்தக் கை இதுதான்."

ஃபினெயாசி தொண்டையைச் செருமினான். "அந்தக் கை வேற. அது தனியார் கை. இது வாரியத்தோட கை. ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது."

"சம்பளம் உண்டா?"

"உண்டு."

"பத்துல ரெண்டு?"

"அது வாரியத்துக்கு."

"அப்ப எனக்கும் பத்துல ரெண்டு. கொட்டகை வேணாம், சூடு. மாமரத்தடி வேணும். நாற்காலி வேணும், கை வச்சது."

கொடுத்தார்கள். கயிற்றை அவிழ்த்துவிட்டு 'நேரடி விற்பனை மையம்' என்று புதுப் பலகை நட்டார்கள். அந்த ஆண்டின் அறிக்கையில் முதல் வரி இது: 'இடைத்தரகர் முறை வவாவுவிலிருந்து அடியோடு ஒழிக்கப்பட்டது.'

காணிக்கை நாளுக்கு முந்திய சனிக்கிழமை. கடைசிக் குவியலை மாமரத்தடியில் இறக்கி வைத்துவிட்டு நான் சாலையைக் கடந்து கடலோரச் சுவரருகே போய் நின்றேன். கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விற்கிற இடத்தைப் பார்த்து நிற்பது எங்கள் குடும்ப வழக்கமில்லை. காதை மூடிக்கொள்வதும் வழக்கமில்லை.

வீக்கா வந்தாள், கேட்டாள், வாக்குவாதம் செய்தாள், வாங்கினாள். மற்றவர்களும் முனகிக்கொண்டே வாங்கினார்கள். சந்தைக்குள் பழைய காலத்துத் திட்டும் முணுமுணுப்பும் திரும்பி வந்தது கேட்க நன்றாக இருந்தது. பிறகு ஃபினெயாசியின் குரல் கேட்டது. ஆய்வுக்கு வந்திருந்தான்.

"ஆகா, கஹோகஹோ! மாமா தோட்டமா? இந்தப் பெருச நான் எடுத்துக்குறேன்."

"முப்பது" என்றாள் லோசலைன்.

"நான் இயக்குநர்."

"தெரியும். நீங்கதான் இந்த நாற்காலிய வாங்கிக் குடுத்தீங்க. முப்பது."

"அன்னிக்கு இருபதுதானே?"

"அன்னிக்கு அந்த இருபத யாரும் வாங்கலயே."

"இது என் தாய்மாமன் கிழங்கும்மா. எனக்கு உரிமை இருக்கு."

"மாமா அதோ அங்க நிக்கிறாரு. உரிமைய அங்க போய்க் கேளுங்க. கிழங்கு இங்க இருக்கு, இது வாரியத்தோட கை. உங்க கைய நீங்களே தட்டி விடாதீங்க, கிழங்க வைங்க."

அவன் என் பக்கம் பார்க்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. அவன் கூப்பிட்டு நான் திரும்பினால், நான் கொடுத்தாக வேண்டும். "மாமா!" என்றான். அலைச் சத்தம் இருந்தது. "மாமா!" என்றான் மறுபடி. அலைச் சத்தம் கூடவே இருந்தது. அப்புறம் நோட்டு மடிக்கும் சத்தம். கடற்கரையில் நோட்டுச் சத்தம் இவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

சாயங்காலம் வேலிக் கம்பில் முடிச்சு தொங்கியது. செய்னி மறுபடியும் என்னோடு பேச ஆரம்பித்தாள். இருந்த அந்த ஒரு குவியலுக்குள் லோசலைன் எப்படி ஓர் ஆண்டுக் காணிக்கையை அடக்கினாள் என்று நான் கேட்கவில்லை. இனிமையற்ற சுபாவம் என்பது சும்மா வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரபு வீட்டைக் கூப்பிட்டார். கடைக்காரன் வீட்டைக் கூப்பிட்டார். பிறகு ஒரு மூச்சு விட்டார். செய்னி என் இடுப்புப் பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அவர் எங்கள் பெயரைக் கூப்பிட்டு, தொகையை உரக்கப் படித்தார். பக்கத்து வீட்டுக்காரனுக்கும் கேட்டது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஃபினெயாசி என் பக்கத்தில் வந்து நடந்தான். வீக்கா முன்னால் தூரமாய்ப் போயிருந்தாள்.

"மாமா," என்றான் மெதுவாக, "அதுல முப்பது பாங்கா என்னோடது. தெரியுமா உங்களுக்கு?"

அக்கா மகனிடம் காசு வாங்கிய களங்கம் எங்கள் வீட்டில் எந்தத் தலைமுறையிலும் இல்லை. நான் நிமிர்ந்து அவனைப் பார்த்தேன்.

"எனக்கு எப்படித் தெரியும் மருமகனே? என் முதுகுதானே அந்தப் பக்கம் இருந்தது."